அவங்க இப்ப இல்லீங்க
கருவடிக்குப்பத்தில் எங்கள் தெருவில் யார் ஓட்டு எந்தச் சின்னத்துக்கு என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். வருஷக்கணக்காகக் கட்சிக்குப் பூத் ஏஜென்டாக உட்கார்ந்ததில் வந்த திமிர். எதிர்வீட்டு அக்கா மாற்றுக் கட்சி. அவர் புருஷன் அந்தக் கட்சிக்காரர். அவர் செத்த பிறகும் வாசலில் அந்தக் கொடிதான் பறந்தது.

வாக்காளர் பட்டியல் சரிபார்க்க வந்த அம்மா அந்த வீட்டுப் பூட்டைப் பார்த்துவிட்டு என்னிடம் விசாரித்தார். மகள் பிரசவத்துக்கு அக்கா விழுப்புரம் போயிருந்தார். ஊரில் இல்லை என்ற அர்த்தத்தில்தான், "அவங்க இப்ப இல்லீங்க" என்றேன். "அடப் பாவமே" என்று உச்சுக்கொட்டியபடி அந்த அம்மா 'இறப்பு' என்று எழுதினார். எழுதியதைப் பார்த்தேன். திருத்தியிருக்கலாம். அந்தப் பக்கம் ஒரு ஓட்டுக் குறையட்டுமே என்று வாயை மூடிக்கொண்டேன். சண்டாளன்!

தேர்தலன்று காலையிலேயே நான் ஏஜென்டாக உட்கார்ந்திருந்த பள்ளிக்கூட அறைக்குள் அக்கா வாக்காளர் அட்டையோடு வந்தார். பட்டியலில் அவர் படத்தின் குறுக்கே 'நீக்கப்பட்டவர்' என்று அச்சாகியிருந்தது.

"நீங்க இறந்துட்டதா இருக்கும்மா. போட முடியாது" என்றார் அதிகாரி.

அக்கா சிரித்தார். "நான்தான் இங்க நிக்கிறேனே!"

யாரும் சிரிக்கவில்லை. மை வைக்க நீட்டிய விரலை அவர் மடக்கவேயில்லை. அடுத்த பெயரைப் படித்தார்கள். அங்கே ஆளே இல்லாததுபோல் வரிசை அவரைச் சுற்றிக்கொண்டு நகர்ந்தது. கொஞ்ச நேரத்தில், அவரைச் சாகடித்த எனக்கே, அவர் உண்மையில் நிற்கிறாரா என்று சந்தேகம் வந்துவிட்டது.

"தம்பி, நீயாவது சொல்லுப்பா. நான் இருக்கேன்ல?"

பட்டியலைப் புரட்டுவதுபோல் குனிந்துகொண்டேன்.

சாப்பாட்டு வேளையில் வெளியே வந்தேன். வேப்பமரத்தடியில் அக்கா தனியாக நின்றிருந்தார். நாலு வார்த்தை திட்டினால் தேவலை என்றிருந்தது. திட்டவில்லை.

"வீட்டுக்குப் போங்கக்கா. அடுத்த தடவ போட்டுக்கலாம்" என்றேன்.

"அவரு இருந்தப்பவே, அவருக்குத் தெரியாம, உங்க சின்னத்துலதான் குத்திகிட்டு இருந்தேன் தம்பி."

யாருக்காவது கேட்டிருக்குமோ என்று சுற்றிலும் பார்த்தேன். "மெதுவாக்கா! இதெல்லாம் வெளிய சொல்லக் கூடாது."

"செத்தவ ஓட்டுதான" என்றார். "சொன்னா என்ன இப்ப?"