மஞ்சள் சீட்டுக் கூண்டு

ஆய்வுக்கூடத்தில் எல்லோரும் அவரை எலியக்கா என்றுதான் கூப்பிடுவோம். நாற்பது கூண்டுகளுக்கும் தண்ணீர் வைத்து, மரத்தூள் மாற்றி, தீனி அளந்து போடுவது அவர் வேலை. எலிகளை எடை பார்த்துக் கணினியில் ஏற்றுவது என் வேலை. எனக்கு எலி என்றாலே ஆகாது. அக்காவோ ஒவ்வொன்றையும் "வாடா ராஜா" என்று கையில் எடுப்பார்.

உடம்பில் ஒரு புரதம் இருக்கிறது. தசை ஓரளவு வளர்ந்ததும் போதும் என்று தடுத்து நிறுத்துவது அதுதான். அதை முடக்கும் மருந்தை எலிகளுக்குப் போட்டுப் பார்த்தோம். பாதிக் கூண்டுகளில் நீலச் சீட்டு, பாதியில் மஞ்சள் சீட்டு. ஒரு நிறத்துக்கு மருந்து, மற்றதற்கு வெறும் உப்புநீர். எது எதற்கு என்பது ஆய்வை நடத்தும் டாக்டரம்மாவின் பூட்டிய பீரோவுக்குத்தான் தெரியும்.

அக்காவின் தம்பி கொத்தனார். தசை கரையும் நோய் வந்து இரண்டு வருடமாக வீட்டோடு கிடக்கிறான். தண்ணீர் டம்ளர்கூடக் கையில் நிற்பதில்லை. அக்கா அந்த மருந்தை நம்பித்தான் காலையில் பஸ் ஏறுவார்.

எட்டாவது வாரம் டாக்டரம்மா என் வரைபடத்தைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். "ரெண்டு பக்கமும் ஒரே எடைதான் இருக்கு. மருந்து வேலை செய்யல. இதோட நிறுத்திடலாம்."

வாசலில் துடைப்பத்தோடு நின்ற அக்காவின் முகம் வெளுத்துவிட்டது.

"அம்மா, தப்புப் பண்ணிட்டேன். மஞ்சள் சீட்டு எலிங்க வத்தலா இருந்துச்சு. பாவமா இருந்துச்சேன்னு தினம் சாயங்காலம் சூரியகாந்தி விதை போட்டேன்."

"எப்பலேருந்து?" என்றார் டாக்டரம்மா.

"ரெண்டாவது வாரத்துலேருந்து."

எனக்குக் கோபம் தலைக்கேறியது. இத்தனை வாரம் நான் எடை போட்டது அக்காவின் இரக்கத்தையா? "ஏங்க்கா, உங்களுக்கு அறிவிருக்கா?" என்று கத்தியே விட்டேன். இன்றும் அதை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

அக்கா என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "என்னை வேலைய விட்டு அனுப்பிடுங்கம்மா. மருந்த மட்டும் தூக்கிப் போட்டுடாதீங்க."

டாக்டரம்மா என் வரைபடத்தை மடித்து ஓரமாக வைத்தார். பிறகு, "நீங்க சொல்லலன்னா குப்பையிலதான் போட்டிருப்போம். புது எலிங்க, மறுபடி முதல்லேருந்து ஆரம்பிப்போம். அந்த விதை டப்பாவ என் மேசையில கொண்டுவந்து வச்சிடுங்க" என்றார்.

மூன்று மாதம் அக்கா பல்லைக் கடித்துக்கொண்டு தீனியை அளந்தே போட்டார். மெலிந்த எலிகளின் கூண்டுகள் பக்கம் வரும்போது முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

கடைசியில் பிடிப்புச் சோதனை. எலி ஒரு கம்பிவலையைப் பற்றிக்கொள்ளும். அக்கா வாலைப் பிடித்து மெதுவாக இழுப்பார். எவ்வளவு விசையில் விடுகிறது என்று மீட்டர் காட்டும். மஞ்சள் சட்டென்று விட்டது. நீலம் லேசில் விடவில்லை. பீரோவைத் திறந்து பார்த்தோம். மருந்து நீலத்துக்குத்தான்.

"இது எலிதான். மனுஷங்களுக்கு வர வருஷங்கள் ஆகும், வராமலும் போகலாம்" என்று டாக்டரம்மா எச்சரித்தார். அக்கா தலையாட்டிவிட்டு வராந்தாவுக்குப் போய்த் தம்பிக்குப் போன் போட்டார். அழுகையும் சிரிப்புமாக அவர் குரல் உள்ளே வரை கேட்டது.

"டேய், எலி கம்பிய விடமாட்டேங்குதுடா! மருந்து வர்ற வரைக்கும் நீயும் விட்டுடாத."