சுறா எண்ணெயில் காய்ச்சிய சவுக்காரம்

மலாயாவில் கப்பலில் வந்து இறங்கியபோது எனக்குத் தெரிந்தது இரண்டே வேலை. துணி வெளுப்பது, வாயடிப்பது. இரண்டாவதற்கு இந்த நாட்டில் யாரும் கூலி தரவில்லை. அதனால் சுங்கைப்பட்டாணியில் டோபி கடை போட்டேன். நான் துவைப்பேன், மனைவி இஸ்திரி போடுவாள்.

ஜப்பான்காரன் வந்த பிறகு, முகாம் அதிகாரி ஒருவர் தன் வெள்ளைச் சட்டைகளை எங்களிடம் போட்டார். கூடவே ஒரு காகிதம் கொடுத்தார். அது கையில் இருந்தால் சியாம் ரயில் பாதை வேலைக்குப் பிடித்துப் போக மாட்டார்கள். எஸ்டேட் ஆட்களை லாரி லாரியாக ஏற்றிக்கொண்டிருந்த நேரம் அது. ஏறிய யாரும் அதுவரை திரும்பவில்லை. காகிதத்தில் என்ன எழுதியிருந்ததோ தெரியாது. தமிழ் எழுத்தே தெரியாதவனுக்கு ஜப்பான் எழுத்து புரியவில்லை என்பதில் என்ன வெட்கம்? மாதா மாதம் அதில் புது முத்திரை விழ வேண்டும். அதற்குச் சட்டை வெளுப்பாக இருக்க வேண்டும்.

அந்தச் சமயத்தில் சவுக்காரம் தீர்ந்தது. கடைகளிலும் இல்லை. மனைவி எஸ்டேட்டில் தங்கச்சி வீட்டில் தங்கிக் கிழங்கு பிடுங்கப் போயிருந்தாள். அவள் இருந்திருந்தால் நான் என் மூளையை வெளியே எடுத்திருக்க மாட்டேன். சாம்பலை ஊற வைத்து வடித்த தண்ணீரில் எண்ணெய் ஊற்றிக் காய்ச்சினால் சவுக்காரம் என்று கேள்விப்பட்டிருந்தேன். தேங்காய் எண்ணெய் கிடைக்கவில்லை. தஞ்சோங் டாவாய் மீனவர் ஒருவர் சுறா ஈரல் எண்ணெய் ஒரு டின் தந்தார். காய்ச்சினேன், களி மாதிரி வந்தது. துவைத்தேன், சட்டை பால் மாதிரி வெளுத்தது. சாயங்காலமே முகாமில் கொண்டு போய்க் கொடுத்தேன்.

நாற்றமா? துணியை அடுக்கி ஆவியில் வேக வைக்கும் வெள்ளாவியில் வருஷக்கணக்காகத் தலையை விட்டவன் நான். என் மூக்கு முகத்துக்கு அழகாக நிற்பதோடு சரி. அழகு என்பதும் நான் சொல்வதுதான்.

மறுநாள் காலை, முகாமில் கணக்கு எழுதி மொழிபெயர்க்கும் கிராணி சட்டை மூட்டையோடு ஓடி வந்தார்.

"டேய் டோபி! தொரை அணிவகுப்புல நிக்கிறாரு, பின்னால ஏழு பூனை நிக்குது!"

"பூனைய சல்யூட் அடிக்க நானா சொன்னேன், கிராணியாரே?"

"சிரிக்காத லா. நாளைக்கு சாயங்காலத்துக்குள்ள வாடை போகலன்னா காகிதம் கிழியும். அடுத்த லாரில நீதான்."

மூட்டையை வாங்கி உள்ளே வைத்தேன்.

நல்ல வேளை, மத்தியானமே மனைவி வந்துவிட்டாள். வாசலிலேயே மூக்கைப் பிடித்தாள்.

"ஏங்க, உள்ள யாரு செத்துக் கெடக்கா?"

"நாந்தான். நாளைக்கு."

எல்லாம் கேட்டுவிட்டு அவள் திட்டவில்லை. அதுதான் பயமாக இருந்தது. சாம்பல் தண்ணீரில் மட்டும் இரண்டு தடவை துவைக்கச் சொன்னாள். பக்கத்து மலாய்க்கார அம்மாவிடம் கேட்டு, எலுமிச்சை வாசமடிக்கும் செரைப் புல்லைக் கட்டுக்கட்டாக அறுத்து வந்தாள். நசுக்கி, சட்டைகளுக்கு நடுவே பரப்பி, வெள்ளாவி வைத்தாள்.

மறுநாள் வெயிலில் காய்ந்ததும், "வாடை போச்சா?" என்றேன்.

"இதுலயே கெடந்து எம் மூக்கும் மரத்துப் போச்சு. பூனையக் கூப்பிடுங்க."

கடைக்குப் பின்னால் கிடந்த பூனையிடம் ஒரு சட்டையை நீட்டினேன். ஒரு மனுஷன் உயிர் பூனையின் மூக்கு நுனியில் நின்றது. அது மோந்தது. தும்மியது. திரும்பி நடந்தது.

"மடிங்க," என்றாள்.

சாயங்காலம் இருவரும் முகாமுக்குக் கொண்டு போனோம். அதிகாரி காலரை வெகுநேரம் மோந்தார். முத்திரையைக் குத்தினார். கிராணியிடம் ஏதோ சொன்னார்.

"என்னவாம்?"

"முகாம் துணி மொத்தமும் இதே வாசத்துல வேணுமாம்."

நான் பல்லைக் காட்டினேன். என் மனைவி காட்டவில்லை. "அவ்வளவும் வெளுக்க ஆள் பத்தாது. என் தங்கச்சி புருசன் எஸ்டேட்ல இருக்காரு. அவருக்கும் ஒரு காகிதம் கேளுங்க, கிராணியாரே," என்றாள்.

கிடைத்தது. அந்த வாரமே சகலை பெண்டாட்டியோடு கடைக்கு வந்து சேர்ந்தான். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நின்றான்.

"நான் என்ன வேல பாக்கட்டும், அண்ணே?"

"எது வேணா பாரு தம்பி. சவுக்காரப் பானைப் பக்கம் மட்டும் போவாத. நானே போகக் கூடாதுன்னு உங்க அக்கா உத்தரவு."