கொழுந்துக் கையில் அகப்பட்ட கடற்புல்

சதுரச் சட்டத்துக்குள் இருந்த கடற்புல் மொட்டையாகிக் கிடந்தது. முழங்காலளவு தண்ணீரில் நின்ற செல்வமலருக்கோ முகமெல்லாம் சிரிப்பு. "எண்ணி முடிச்சிட்டேன் டீச்சர்" என்று பையை நீட்டினாள். பை நிறையப் புல் நுனிகள்.

நான் கண்டியில் உயர்தர வகுப்புக்கு உயிரியல் படிப்பித்த காலம் அது. கற்பிட்டிக் கடலோரக் களப்பில் ஓர் ஆய்வு நிலையத்தார் முதன்முறையாக எங்கள் பிள்ளைகளுக்கு இடம் தந்திருந்தார்கள். ஒரு வாரம், நிஜமான ஆராய்ச்சி வேலை. ஒழுங்காகச் செய்தால் வருடா வருடம் வரலாம், சொதப்பினால் அதுவே கடைசி.

செல்வமலர் வத்தேகமப் பக்கத்துத் தேயிலைத் தோட்டப் பிள்ளை. அவள் அப்பா இலேசில் சம்மதிக்கவில்லை. "பாதியில திருப்பி அனுப்பிட்டா லயத்துல நாலு வீட்டுக்கு முன்னால தலைகாட்ட முடியாது டீச்சர்" என்றார். அப்படி ஒன்றும் நடக்காது என்று அடித்துச் சொல்லிவிட்டுத்தான் பஸ் ஏறினேன்.

வேலை இலகுவானது. குவாட்ரட் என்கிற சதுரச் சட்டத்தைப் புல் மேல் வைத்து, உள்ளே இருப்பதை எண்ணி எழுத வேண்டும். கிள்ளக்கூடாது என்று யாரும் சொல்லவில்லை. அதையும் சொல்ல வேண்டுமா என்று இருந்துவிட்டோம்.

"ஏன்டி கிள்ளின?"

"தண்ணில ஆடுதுங்க டீச்சர். எண்ணினதையே திரும்ப எண்ணுறேன். அதான் எண்ண எண்ணக் கிள்ளிட்டேன்."

லீவு நாளெல்லாம் அம்மாவோடு மலையில் கொழுந்து பறித்தவள். கை தன் பாட்டுக்கு வேலை பார்த்துவிட்டது.

ஆய்வு அதிகாரி சிவநேசன் யாழ்ப்பாணத்துக்காரர். வந்து பார்த்தார். "ரீச்சர், இது நாங்கள் கனகாலமா அளந்துகொண்டு வாற இடம்" என்றார். குரல் உயரவேயில்லை. ஆனாலும் எனக்குத் திரும்பிப் போகும் பஸ்ஸே கண்முன் வந்து நின்றது.

"வேரோட இழுத்தனீரோ பிள்ளை?"

"இல்ல சார். அடியில கைவச்சா மறுபடி தழையாதுங்களே. நுனி மட்டுந்தான்."

அவர் குனிந்து தண்ணீருக்குள் தடவிப் பார்த்தார்.

"ஓம், அடி அப்பிடியே கிடக்கு. கடற்புல்லு அடியில இருந்துதான் வளரும், நுனி போனாலும் பறவாயில்லை" என்று நிமிர்ந்தார். "வெட்டினா எவ்வளவு கெதியா வளருதெண்டு பாக்க ஒரு சட்டம் வைக்க இருந்தனான். இது அதுக்கு இருக்கட்டும். நீரே அளந்து பாரும், பிள்ளை. மற்றச் சட்டங்களில கை வைக்காதையும்."

அப்பாடா என்று அந்த உப்புத் தண்ணீரிலேயே உட்கார்ந்துவிட்டேன். சேலை நனைந்தது பிறகுதான் தெரிந்தது.

கண்டி பஸ் நிலையத்தில் அப்பா காத்திருந்தார். "பிரச்சின ஒன்னுமில்லையே?" என்று என்னிடம் கேட்டார். செல்வமலர் முந்திக்கொண்டாள். "தேயில நுனியில தழைக்கும், கடற்புல்லு அடியில தழைக்குதுப்பா. நானே அளந்தேன்." அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. "அடுத்த வருசமும் வரச் சொல்லியிருக்காங்க" என்றேன். அவர் சிரித்தபோதுதான் என் வயிற்றில் பால் வார்த்தது போல இருந்தது.

அதன் பிறகு, எந்தப் பிள்ளையையும் தண்ணீரில் இறக்குமுன் ஒன்று கேட்பேன்: "வீட்டில் உங்கள் கை என்ன வேலைக்குப் பழகியிருக்கிறது?" அதைத் தெரிந்துகொண்டுதான் சட்டத்தைக் கையில் கொடுப்பேன்.