ஜீனத் அக்கா படித்துக் காட்டாமல் விட்ட பக்கங்கள்

செவ்வாய்க்கிழமை காலை ஆறு நாற்பத்திரண்டுக்குப் போன் வந்தது. ஜீனத் அக்காவின் தம்பி சலீம். "தம்பி, அக்கா மவுத்தாயிட்டாங்க. விடிகாலைல தொழுதுட்டு உக்காந்தாங்க, உக்காந்த எடத்துலயே போயிட்டாங்க" என்றார். நான் "சரிங்க" என்றேன். போனை வைத்ததும் முதலில் வந்தது துக்கம் இல்லை. நாங்கள் கதை எழுதி வைத்திருக்கும் கோவிந்தசாமி ஐயாவுக்கு வியாழக்கிழமை யார் படித்துக் காட்டுவது என்ற கேள்விதான் வந்தது.

இதைப் படிக்கும் உங்களில் பலருடைய வீட்டுக்கு அக்கா வந்திருப்பார். தொண்ணூறு தாண்டிய உங்கள் அம்மாவிடமோ அப்பாவிடமோ வாரக்கணக்கில் கதை கேட்டு, அதைத் தட்டச்சு செய்து, பைண்டிங் போட்டுக் கையில் கொடுத்திருப்பார். பக்கத்தில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு ரெக்கார்டரைப் பார்த்தபடி ஒருவன் உட்கார்ந்திருந்தானே, அது நான்தான். என் குரலை நீங்கள் கேட்டிருக்க மாட்டீர்கள். "இவனுக்கு வாயில பேட்டரி போடல, கண்டுக்காதீங்க" என்று அக்கா என்னை அறிமுகப்படுத்தியது வேண்டுமானால் நினைவிருக்கலாம்.

நான் அவரைச் சந்தித்தபோது என் மனைவி பவித்ரா இறந்து ஆறு வாரம் ஆகியிருந்தது. வேங்கிக்காலில் அவள் பெயரில் இருந்த மனைக்குப் பட்டா மாற்ற மனு எழுத வேண்டும். பத்திர எழுத்தர் ஒருவரிடம் அக்கா இருபத்தாறு வருடமாகத் தட்டச்சு செய்துகொண்டிருந்தார். மனுவை அடித்து முடித்தவர் அதை என்னிடம் நீட்டவில்லை. அவரே உரக்கப் படித்தார். "மேற்படி பவித்ரா, வயது முப்பத்தொன்பது..."

"இல்ல. இருபத்தொம்பது."

கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு பார்த்தார். "ஐயையோ, பத்து வயசு கூட்டிட்டேனே! உன் வீட்டம்மா கேட்டா என்னைச் சும்மா விடுமா?"

பவித்ரா சும்மா விட்டிருக்க மாட்டாள்தான். ஆறு வாரத்தில் முதல் தடவையாக எனக்குச் சிரிப்பு வந்தது. பாவம் என்றோ, விதி என்றோ அக்கா ஒரு வார்த்தை சொல்லவில்லை. வயதைத் திருத்தி மறுபடி ஒரு முறை முழுக்கப் படித்தார். பிறகு, "என்ன படிச்சிருக்க?" என்றார். எலக்ட்ரானிக்ஸ் என்றேன். மேசை டிராயரிலிருந்து ஒரு பழைய ரெக்கார்டரை எடுத்து வைத்தார். "இதுல யாரு பேசினாலும் மழை பேயற மாதிரியே கேக்குது. கொஞ்சம் பாரு தம்பி." அந்த மழையை நிறுத்தப் போனவன் இரண்டு வருடம் அவரோடு வீடு வீடாகச் சுற்றினேன்.

"உங்க வாழ்க்கைய சொல்லுங்க" என்று அக்கா யாரையும் கேட்டதில்லை. அப்படிக் கேட்டால், "நான் என்ன பெரிய ஆளா, என்னத்த சொல்ல?" என்றுதான் பதில் வரும். பத்திரத்தில் ஒரு நிலத்துக்கு நான்கெல்லை எழுதுவார்களே, அதுதான் அவர் முறை. "நீங்க பொறந்த வீட்டுக்குக் கிழக்க யாரு இருந்தாங்க?" என்று ஆரம்பிப்பார். கிழக்கு வீட்டுக்காரர் வந்தால் அவருடைய ஆடு வரும், ஆடு மேய்ந்த கத்தரிச்செடி வரும், அதனால் நின்றுபோன கல்யாணம் வரும். தண்டராம்பட்டு ரோட்டில் ஒரு அம்மா, "மேற்கயா? அந்தக் கட்டையில போறவன் பேர நான் சொல்ல மாட்டேன்" என்று வாயை மூடிக்கொண்டார். மூடிய வாய் உடனே திறந்து ஒன்றரை மணி நேரம் அந்த ஆளைப் பற்றியே பேசியது. வடக்கு எல்லைக்குப் போய்ச் சேர எங்களுக்கு மூன்று வாரம் ஆயிற்று. "சர்வேயர் கூட இவ்ளோ நாள் எடுக்க மாட்டாரு" என்று திரும்பும் ஆட்டோவில் அக்கா சிரித்துக்கொண்டே வந்தார்.

நான் செய்த பெரிய தப்பும் கோவிந்தசாமி ஐயாவின் கதையில்தான் நடந்தது. ஐயாவுக்குத் தொண்ணூற்றாறு வயது. பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவர். கண் பார்வை போய்விட்டது, ஞாபகம் போகவில்லை. அவருடைய முதல் நாள் பேச்சைக் கம்ப்யூட்டரில் போட்டுச் சுத்தம் செய்தபோது, நடுநடுவே வரும் மௌனத்தை வெட்டியெடுக்கும் வசதி ஒன்று இருந்தது. அதை அழுத்தினேன். ஒரு மணி நேரப் பேச்சு இருபத்தைந்து நிமிடமானது. பெருமையாக அக்காவிடம் போட்டுக் காட்டினேன். ஐயா மூச்சே விடாமல் பிறந்து, வளர்ந்து, வேலைக்குச் சேர்ந்துவிட்டார். அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"டைம் கீப்பரையே பஸ் புடிக்க ஓட வெச்சிட்டியே தம்பி! அவரு பேசறது கம்மி, யோசிக்கிறதுதான் ஜாஸ்தி. அந்த யோசனைல கை வைக்காத."

இன்னொரு நாள் ஐயா, ஒரு மந்திரியின் காரையே மறித்து நிறுத்தி அரசாங்க பஸ்ஸுக்கு வழிவிட வைத்ததாகச் சொன்னார். போன வாரம் இதே கதையில் கலெக்டர் கார் வந்ததே என்று அக்கா காதில் முணுமுணுத்தேன். வெளியே வந்ததும் விசாரித்துப் பார்க்கலாமா என்றும் கேட்டேன். "இது என்ன கிரயமா, வில்லங்கம் போட்டுப் பாக்க? அவரு வாழ்க்கைக்கு அவருதான் ஓனரு. ரெண்டு காரையும் நிறுத்தட்டும், உனக்கு என்ன போச்சு?" என்றார்.

ஆனால் ஒரு விஷயத்தில் அவர் விட்டுக்கொடுத்ததே இல்லை. எழுதி முடித்ததை உரியவர் முன்னால் வரி வரியாகப் படித்துக் காட்ட வேண்டும். அதற்கு முன் பைண்டிங் கிடையாது. பதிவு செய்த குரலையே போட்டுக் காட்டிவிடலாமே, நேரம் மிச்சம் என்று சொல்லிப் பார்த்தேன். "சொந்தக் கொரல்ல கேட்டா எல்லாத்துக்கும் ஆமாம்னுதான் சொல்வாங்க. அடுத்தவன் படிச்சாதான் இல்லன்னு சொல்ல தைரியம் வரும். படிச்சுக் காட்டாதது அவங்க கத இல்ல தம்பி, நம்ம கத."

போன கோடையில் ஐயா தன் மனைவியைப் பற்றிப் பேசினார். அவருக்கு முப்பத்து நான்கு வயதில் அந்த அம்மா இறந்துவிட்டார். மத்தியானம் டியூட்டியில் இருக்கும்போது ஆள் வந்து சொன்னதாம். "சாயந்திரம் மாத்தாள் வர்ற வரைக்கும் நின்னேன். அன்னிக்கி எல்லா வண்டியும் டைமுக்குதான் போச்சு பாப்பா" என்றார். ஐம்பத்து மூன்று வயது அக்கா அவருக்குப் பாப்பாதான். நான் ஹெட்போனைக் கழற்றிவிட்டேன். பவித்ரா இறந்த அன்று மாலை ஆஸ்பத்திரி நாற்காலியில் உட்கார்ந்து ஆபீஸ் மெயில் எல்லாவற்றுக்கும் பதில் போட்டவன் நான். ஒரு எழுத்துப் பிழை கூட இல்லாமல் போட்டேன். இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. அக்காவிடமும் சொல்லவில்லை. அவர் என்னைப் பார்த்தார். "வா, டீ குடிக்கலாம்" என்றார். டீக்கடையில், "இந்தப் பக்கத்த மட்டும் நீ அடிச்சிடு தம்பி, எனக்குக் கை வலி" என்றார். அன்று சாயங்காலம் வரை அவர் மற்ற பக்கங்களை மடமடவென்று அடித்துக்கொண்டிருந்ததை நான் பார்த்தேன். பதினேழாம் பக்கத்தை நான் அடித்தேன்.

பௌர்ணமி வாரத்தில் கிரிவலக் கூட்டத்தால் சந்தெல்லாம் வண்டியும் சத்தமுமாக இருக்கும் என்பதால் ஐயாவுக்குப் படித்துக் காட்டுவதை ஒரு வாரம் தள்ளிப்போட்டிருந்தோம். அந்த ஒரு வாரத்தில்தான் அக்கா போய்விட்டார்.

நேற்று, பேசி வைத்தபடியே வியாழக்கிழமை, பக்கங்களை எடுத்துக்கொண்டு கோயிலின் பே கோபுரத்துப் பக்கம் ஐயா வீட்டுக்குப் போனேன். "பாப்பா எங்க?" என்றார். சொன்னேன். படுத்திருந்தவர் முகத்தை என் பக்கம் திருப்பினார்.

"எனக்கு முன்னாடியா? நான் டைமே குடுக்கலயே." பிறகு மெதுவாக, "அப்ப என் கத?"

ரெக்கார்டிங் இருக்கிறது, போட்டுக் காட்டட்டுமா என்றேன்.

"அது எதுக்கு? என் கொரலத்தான் நான் தெனமும் கேக்கறனே. நீ படி."

"எனக்கு அவங்க மாதிரி படிக்க வராதுங்க ஐயா."

"இன்ஜினியருக்குப் படிக்க வராதா! அப்புறம் காலேஜுல என்னாத்தய்யா பண்ண?"

படித்தேன். முதல் வரியை மூன்று தடவை ஆரம்பித்தேன். "கிழக்கே முனுசாமி வீடு" என்றதும் ஐயா கையைத் தூக்கினார்.

"இல்ல. முனுசாமி தெற்க. கிழக்க எலந்த மரம். அன்னிக்கி மாத்திச் சொல்லிட்டேன், திருத்து."

திருத்தினேன். பதினாறு பக்கத்தில் பதினோரு இடத்தில் "இல்ல" என்றார். ஒவ்வொரு தடவையும் குரல் கொஞ்சம் தெம்பாகிக்கொண்டே வந்தது. கடைசியில் எழுந்து சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார். மந்திரி கார் வந்த இடத்தில் மட்டும் திருத்தாமல் சிரித்துக்கொண்டார். "ஒன் வண்டி ஸ்டார்ட் ஆவத்தான் நேரம் ஆவுது. அப்புறம் ஓடுது" என்றார். அடுத்த பக்கம் எது என்று இருவருக்கும் தெரியும். "அது நாளைக்கி" என்று அவரே சொன்னார்.

இன்று மத்தியானத் தூக்கத்திலிருந்து அவர் எழுந்திருக்கக் காத்திருக்கும் நேரத்தில் இதை எழுதினேன். அக்காவிடமிருந்து நான் வைத்துக்கொள்வது ஒன்றுதான்: எதிரில் இருப்பவர் "இல்ல" என்று சொல்ல இடம்விட்டு, நிறுத்தி நிறுத்திப் படிப்பது. "எங்கள் வீட்டுப் பெரியவருக்கு இன்னும் படித்துக் காட்டவில்லையே" என்று மூன்று நாளாக எனக்குப் போன் செய்துகொண்டிருப்பவர்களே, உங்கள் வீட்டுக்கும் வருவேன். வரிசைப்படி வருவேன். என் குரல் பிடிக்காவிட்டால் நேராகச் சொல்லிவிடுங்கள்.

உள்ளேயிருந்து கூப்பிடுகிறார். "இன்ஜினியரு, எழுந்துட்டேன். வா." பக்கங்களின் அடுக்கில் பதினேழாம் பக்கம் மேலே இருக்கிறது. போனை அணைத்துவிட்டேன்.