எங்கள் வீட்டின் நாலாவது அறை

வீட்டு வரியில் பெயர் மாற்ற, காலையில் திண்டிவனத்தில் வரி ஆபீசுக்குப் போயிருந்தேன். அப்பா விலைக்கு வாங்கிய பழைய வீடு. பழைய ஆதாரம் தேடி, கிளார்க் 1938-ஆம் வருஷத்து ரிஜிஸ்டரைத் தூசி தட்டி எடுத்தார்.

"அப்பல்லாம் வீடு வீடா போயி எழுதிக்கினு வருவாங்க மேடம். எத்தினி ரூமு, எத்தினி பேரு, காத்து வருதான்னு. நோய் பரவக் கூடாதுல்ல."

எங்கள் வீட்டுக்கு எழுதியிருந்தது: அறைகள் நான்கு. ஆட்கள் ஏழு. பின்னறைக்கு ஜன்னல் இல்லை. உள்ளே ஒரு பெண் இருக்கிறாள். ஜன்னல் வைக்க உத்தரவு.

எங்கள் வீட்டில் மூன்று அறைதான்.

அவர் அடுத்த ரிஜிஸ்டரைப் புரட்டினார். 1941. அறைகள் மூன்று. ஆட்கள் ஆறு. குறை நீங்கியது.

"ஜன்னல் வெக்கிறது பேஜாருன்னு ரூமையே அடைச்சிருப்பாங்க. நெறைய பேரு அப்டித்தான் பண்ணாங்க."

"உள்ள இருந்தவங்க?"

பக்கத்தின் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம் வரை விரல் வைத்துத் தேடினார்.

"அதுக்குக் கட்டம் இல்லீங்க மேடம்."

ஜெராக்ஸ் வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். வெளியே நீளமாகத் தெரியும் வீடு உள்ளே ஏன் குட்டையாக இருக்கிறது என்று இன்றுதான் புரிந்தது. என் கட்டில் அந்தப் பின்சுவரை ஒட்டித்தான் கிடக்கிறது. கத்திரி வெயிலிலும் சில்லென்று இருக்கும் என்று எல்லோரிடமும் பெருமையடித்திருக்கிறேன்.

அதே சுவரைக் குடைந்து அலமாரி வைக்க நாளைக்குக் கொத்தனார் வருகிறார். அம்மாதான் ஆசைப்பட்டது.

அலமாரி வேண்டாம் என்பதற்கு நம்பும்படியான ஒரு பொய் வேண்டும். கமென்டில் போடுங்கள்.