எட்டு வராத துப்பாக்கி

மணிமேகலைக்குப் பயம் என்றால் என்னவென்றே தெரியாது என்று தெருவில் சொல்வார்கள். சுத்தப் பொய். பல்லியைக் கண்டால் பயப்படுவாள், இடி இடித்தால் பயப்படுவாள், கணவனின் அண்ணன் முருகேசன் முகத்தைச் சுளித்தால் அதற்கும் பயப்படுவாள். காட்டுப்பன்றிக்கு மட்டும் பயப்படமாட்டாள். அதன்மேல் அவளுக்கு இருந்தது வயிற்றெரிச்சல்.

எரியாமல் என்ன செய்யும்? ஆரணியிலிருந்து தேவிகாபுரம் போகும் வழியில், தேசூர் அம்மா வீட்டில் போட்ட நகையை விற்று அவள் பேரில் வாங்கிய நிலம் அது. கணவன் தருமன் ஆரணியில் பட்டுக்குச் சாயம் போடும் பட்டறையில் பொழுதெல்லாம் வெந்நீர்த் தொட்டியோடு மல்லுக்கட்டுகிறவன். நிலத்துப் பாடெல்லாம் இவளுடையது. கடலை விதைப்பது இவள், களையெடுப்பது இவள், காய் பிடித்ததும் குடும்பத்தோடு வந்து விருந்து சாப்பிட்டுவிட்டுப் போவது பன்றி. பழைய சேலைகளைச் சுற்றிக் கட்டிப் பார்த்தாள், பட்டாசு கொளுத்திப் பார்த்தாள். அதுகள் சட்டை செய்யவில்லை. கரண்டு வேலி போடு என்றார்கள் சிலர். மனுஷன் மிதித்துச் செத்தால் யார் பதில் சொல்வது என்று அடியோடு மறுத்துவிட்டாள்.

அதன் பிறகுதான் துப்பாக்கி லைசென்சுக்கு எழுதிப் போட்டாள். தாசில்தார் ஆபீசுக்கு நடையாய் நடந்து வாங்கியும் விட்டாள். விசாரணைக்கு வந்த போலீஸ்காரர், "வெடிச்சு வெரட்டறதுக்குத்தாம்மா இது. வேட்டை கீட்டைன்னு எறங்கிடாத" என்று சொல்லிவிட்டுப் போனார்.

தருமனுக்குப் பட்டறையில் லீவு கிடைக்கவில்லை. வேலூர்க் கடைக்குத் துணையாக முருகேசன் போனார். கடைக்காரர் ஜெகநாதன் அவரைப் பார்த்தே, "என்ன மாதிரி வேணுங்க?" என்று கேட்டார்.

"எனக்குங்க" என்றாள் மணிமேகலை.

ஜெகநாதன் அவளை ஒரு தரம் ஏற இறங்கப் பார்த்தார். பிறகு இரண்டு ஒற்றைக்குழல் துப்பாக்கிகளை மேசைமேல் எடுத்து வைத்தார். இரண்டும் யாரோ வைத்திருந்து விற்றவை. முதலாவது சின்னது. அவள் தூக்கித் தோளில் வைத்ததும் கட்டை வாகாக உட்கார்ந்தது. "இந்தப் பொத்தானப் பின்னால இழுத்துட்டா விசை அசையாதும்மா. நீங்களே தடுக்கி விழுந்தாலும் வெடிக்காது" என்றார். இழுத்துப் பார்த்தாள், அசையவில்லை. அப்பாடா என்று மனசுக்குள் ஒரு நிம்மதி. இரண்டாவது அரதப் பழசு, உலக்கைக் கனம். சுடுவதற்கு முன், தோட்டாவை அடிக்கும் குதிரை என்கிற வெளிக் கொக்கியைக் கட்டைவிரலால் பின்னுக்கு இழுக்க வேண்டும். அவள் இரண்டு கையாலும் இழுத்தாள்.

இதற்குள் முருகேசன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு முதல் துப்பாக்கியின் அடியில் வெட்டியிருந்த நம்பரைக் கூட்டிக்கொண்டிருந்தார்.

"கூட்டினா எட்டு வருது. வேணாம்."

"துப்பாக்கிக்கு இன்னாங்க எட்டும் ஒம்போதும்?" என்றார் ஜெகநாதன்.

"வண்டிக்கே பாக்கறோம். உசுர எடுக்கற சாமானுக்குப் பாக்க வேணாமா? எட்டு சனீஸ்வரன். வூட்டுக்குள்ள வரக்கூடாது."

"எனக்கு இதுதான் மாமா கைக்கு வருது" என்று மணிமேகலை மெல்ல ஆரம்பித்தாள்.

"இன்னும் செத்த நேரத்துல ராகு காலம். பேஜார் பண்ணாத, ஜல்தியா முடி" என்று முகத்தைச் சுளித்தார் முருகேசன்.

அவ்வளவுதான். தாசில்தார் முன்னால் நின்று பேசியவள், போலீஸ்காரர் முன்னால் பேசியவள், அந்தச் சுளிப்புக்கு முன்னால் தலையை ஆட்டிவிட்டாள். உலக்கை வீட்டுக்கு வந்தது.

வந்த மறுநாளே முருகேசன் குழைந்தார். "பன்னி கெடக்குது. ஒரு நாளு எங்கைல குடும்மா. முயலு ரெண்டு, கவுதாரி நாலு அடிச்சாந்தா உங்க அக்கா ஜோரா கொழம்பு வெப்பா." அக்கா என்றது அவர் மனைவி சாவித்திரியை.

"லைசென்சு எம்பேர்ல இருக்குது மாமா. உள்ள போனா நீங்களா வந்து களி திம்பீங்க?"

இந்தத் தடவை சுளித்த முகத்துக்கு அவள் மசியவில்லை. துப்பாக்கியைப் பீரோவில் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள். முருகேசன் விறைத்துக்கொண்டு போனார்.

பன்றிகள் வந்தன. இரண்டு நாளாக ஓரத்துப் பாத்திகளெல்லாம் புரண்டு கிடந்தன. மூன்றாம் நாள், கிழக்கு வெளுக்கத் தொடங்கிய நேரம் மணிமேகலை தோட்டாவைப் போட்டுக்கொண்டு வரப்பில் நின்றாள். மேலே பார்த்து ஒரு வெடி வைத்தால் போதும் என்பதுதான் நினைப்பு. அப்போது கடலைச் செடி அசைந்தது. எங்கோ தூரத்தில் இல்லை, கூப்பிடு தூரத்துக்கும் கிட்டே. தாழ்வாக, கறுப்பாக, முதுகு மாதிரி ஏதோ ஒன்று அவளை நோக்கி ஊர்ந்து வந்தது. குட்டி போட்ட பன்றி என்றால் ஆளைக் கிழித்துவிடும். அவள் குதிரையை இழுத்தாள். டக்கென்று நின்றது. குழல் நேராக அந்த முதுகைப் பார்த்தது. விரல் விசைக்குள் போய்விட்டது.

முதுகு இருமியது.

மனுஷ இருமல்! மணிமேகலை கத்தினாள்: "யாரது?"

"சுடாதம்மா! நாந்தான்! முருகேசன்!" கம்பளியைப் போர்த்திக்கொண்டு, கையில் முயலுக்கு வைக்கிற கம்பிக் கண்ணியோடு, மண்டியிட்ட வாக்கிலேயே கையைத் தூக்கினார் மனிதர்.

விரலை வெளியே எடுத்தாள். ஆனால் ஏறிய குதிரையை இனி என்ன செய்வது? இழுத்து விட்டுத் தடுக்க இதில் பொத்தான் இல்லை. குதிரை ஏறி நின்றால் குழலை மடக்கித் தோட்டாவை உருவவும் முடியாது, அந்தப் பழசு அப்படி. குதிரையைக் கட்டைவிரலால் பிடித்துக்கொண்டே விசையை அழுத்தி மெல்ல இறக்க வேண்டும். கனம் தாங்காமல் குழல் கீழே, அவர் பக்கமே சாய்கிறது.

"அசையாதீங்க மாமா... இல்ல, படுங்க! படுத்துடுங்க!"

"இன்னாம்மா பண்ற? கீழ வைம்மா!"

"வெக்க முடியல! படுங்கன்றேன், அடச்சே, படுய்யா!"

அவர் மண்ணில் விழுந்தார். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு குழலைப் பக்கவாட்டில் திருப்பினாள். கட்டைவிரலைக் குதிரைமேல் அழுத்தி வைத்து விசையை இழுத்தாள். விரல் வியர்த்திருந்தது. வழுக்கியது.

வெடித்தது.

தோளில் விழுந்த இடியில் அவள் மல்லாந்து விழுந்தாள். காதில் ஙொய் என்று ஒரே இரைச்சல். புகையும் புழுதியுமாக எதிரே எதுவும் தெரியவில்லை. "மாமா" என்று கூப்பிட்டாள். தவழ்ந்துகொண்டு போனாள். முருகேசன் குப்புறக் கிடந்தார். அவர் தலைக்கு ஒரு முழம் தள்ளிச் செடியெல்லாம் சிதறி, மண் குழிந்திருந்தது.

புரட்டினாள். கண் திறந்திருந்தது. உடம்பில் ஒரு கீறல் இல்லை.

"வெளிய சொல்லிடாதம்மா" என்றார், அதுதான் வாயில் வந்தது. "கண்ணி வெச்சது தெரிஞ்சா பாரஸ்டுக்காரன் தூக்கிகினு போய்டுவான்."

"கண்ணியா? கண்ணியா இப்ப பேச்சு?" மணிமேகலைக்குப் பொங்கிக்கொண்டு வந்தது. "எட்டு வேணாம்னு சொன்னீங்க, நானும் பூம்பூம் மாடாட்டம் தலைய ஆட்டினேன். பொத்தான் வெச்சது எங்கைல இருந்துச்சி, அதக் கடையிலயே வெச்சிட்டு வந்தேன். இன்னிக்கி நாம ரெண்டு பேரும் சேர்ந்து அக்கா தாலிய அறுத்திருப்போம்!"

முருகேசன் கம்பளியை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார்.

அவள் துப்பாக்கியை மடக்கி வெறும் குழலாகத் தோளில் போட்டுக்கொண்டு ஊருக்குள் நடந்தாள். நேரே சாவித்திரி வீட்டுக்குத்தான் கால் போனது. சாவித்திரி வாசலில் கோலம் போட்டுக்கொண்டிருந்தாள். குங்குமமும் பூவுமாக நிமிர்ந்து சிரித்தாள்.

"வெடிச் சத்தம் கேட்டுச்சே மணி. செத்துதா?"

மணிமேகலை துப்பாக்கியைத் தரையில் போட்டுவிட்டு, அவளைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதாள்.