கன்னியம்மாள் அக்கா ஒப்புக்கொள்ளாத தீர்மானம்

செவ்வாய்க்கிழமை காலை நகராட்சி அலுவலகத்தில் வீட்டு வரி ரசீது போட்டுக்கொண்டிருந்தேன். கன்னியம்மாள் அக்காவின் மகள் போன் செய்தார். "அம்மா பூட்டாங்க சார்" என்றார். நெஞ்சுவலியாம். ரசீதுப் புத்தகத்தை மூடிவிட்டுக் கிளம்பினேன்.

அக்காவைத் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். கும்மிடிப்பூண்டிப் பக்கம் நான்கு கிராமங்களைச் சேர்த்து நகராட்சி ஆக்கினார்களே, அதற்கு முன்பு எங்கள் ஊர் ஊராட்சியில் வார்டு மெம்பராக இருந்தவர். நூறு நாள் வேலையில் மண்வெட்டி பிடித்தவர். நான் அப்போது ஊராட்சி கிளார்க். "இன்னா கிளார்க்கு, ஃபேனுக்குக் கீழ குந்திக்கினே ஏரிய அளக்கிறியா? எழுந்து வா!" என்று முதல் நாளே என்னை வெயிலில் நிறுத்தி, ஏரியில் வெட்டிய மண்ணை அளக்க வைத்தார். பேஜாரு பிடித்த பொம்பளை என்று மனதுக்குள் திட்டினேன்.

எங்கள் கிராம சபையில் ஒரு வழக்கம் இருந்தது. அடுப்பு, மாடு, கம்பெனி வேன் என்று ஆளாளுக்கு அவசரம். பதிவேட்டில் முதலில் கையெழுத்துப் போட்டுவிட்டுக் கிளம்பிவிடுவார்கள். தீர்மானத்தை நான் பிறகு கையெழுத்துகளுக்கு மேலே எழுதிக்கொள்வேன். நகராட்சி வருவதற்கு முந்தைய மே தினக் கூட்டத்திலும் அப்படித்தான். அக்காதான் வீடு வீடாகப் போய்ப் பெண்களை அழைத்து வந்தார். எல்லோரும் போன பிறகு, மேலதிகாரிகள் சொன்னபடி, நகராட்சியோடு இணைய ஊர் சம்மதிக்கிறது என்று எழுதினேன்.

நகராட்சி வந்தது. வரி ஏறியது. நூறு நாள் வேலை நின்றது. அது கிராமங்களுக்கு மட்டும்தானாம். பதிவேட்டின் நகலை வாங்கி, மகளைப் படிக்கச் சொல்லிக் கேட்ட அக்கா, ஊரைக் கூட்டினார். "நான் இட்டுக்கினு வந்துதான் நீங்க கையெழுத்து போட்டீங்க. தப்பு என்னுது. நானே போய் கேக்கறேன்" என்றார்.

மனு மேல் மனு போட்டு விசாரணை வரைக்கும் கொண்டுபோனார். தீர்மானம் எழுதிய பிறகு கையெழுத்தா, அதற்கு முன்பா என்று அதிகாரி என்னைக் கேட்டார். "எழுதின பிறகுதான் சார்" என்றேன். பச்சைப் பொய். மனு தள்ளுபடியானது.

வெளியே வந்து அக்கா என்னைப் பார்த்தார். "வேல போயிடும்னு பயந்துட்ட. எங்களுக்குத்தான் ஏற்கெனவே பூடுச்சே, இனிமே இன்னாத்துக்குப் பயம்?" என்றார். அன்றே மேல்முறையீடு போடக் கிளம்பிவிட்டார்.

நகராட்சியில் கிராம சபை கிடையாது. அக்கா விடவில்லை. பழைய சபை நாட்களில் தண்ணீர்த் தொட்டிக்குக் கீழே ஊரைக் கூட்டினார். முதலில் எழுதுவார்கள், சத்தமாகப் படிப்பார்கள், பிறகுதான் கையெழுத்து. செல்லாத சபை என்று எங்கள் அலுவலகத்தில் சிரித்தார்கள். "செல்லலன்னா இன்னாத்துக்கு ஆள் அனுப்பி வேவு பாக்கறீங்க?" என்று நேரில் வந்து கேட்டார்.

மேல்முறையீட்டு விசாரணை அடுத்த வாரம். மனு போட்டவரே போய்விட்டார், தொல்லை விட்டது என்று அலுவலகத்தில் இப்போதே பேசுகிறார்கள். விடாது.

புதைக்கும் இடத்தில், கூடியிருந்த பெண்கள் முன்னால் சொன்னேன்: கையெழுத்து முதலில் விழுந்தது, தீர்மானம் பிறகு எழுதப்பட்டது, எழுதியவன் நான். யாரும் என்னைத் திட்டவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை. அக்காவின் மகள் மட்டும் கையிலிருந்த மண்ணைக் குழியில் போட்டுவிட்டு, "இத அங்க வந்து சொல்லுங்க சார்" என்றார்.

மனுவில் இப்போது மகளின் பெயர். சாட்சியாக என் பெயர். வேலை போனால் போகட்டும்.

நிம்மதியாகப் போங்கள் அக்கா. விசாரணைக்கு நாங்கள் போகிறோம்.